7 சிறுத்தைக் குட்டிகளைக் கொன்ற வைரஸும் ஜவளகிரி வீட்டுப் பூனையும்: பூனையின் ஆயுசு எதில் இருக்கு?

பெங்களூருவுக்குத் தெற்கே இருக்கும் பன்னார்கட்டா உயிரியல் பூங்காவில், 2023 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி சுமார் இரண்டு வாரத்துக்குள் 7 சிறுத்தைக் குட்டிகள் இறந்தன. எல்லாமே ஒரு வயசுகூட ஆகாத குட்டிகள். பரிசோதனையில் தெரியவந்த காரணம், 'ஃபெலைன் பான்லுகோபீனியா' என்ற வைரஸ். பெயர் வாயில் நுழையாது. ஆனால் பூனை வளர்ப்பவர்களுக்கு இதன் செல்லப்பெயர் தெரிந்திருக்கும்: 'கேட் பார்வோ'. ஆமாம், நம் வீட்டுப் பூனைக்குட்டிகளை இரண்டு மூன்று நாளில் சுருட்டிக்கொண்டு போகிற அதே வைரஸ்தான்.

இந்தச் செய்தியை இப்போது எதற்குத் தூசி தட்டுகிறோம்? பன்னார்கட்டா காடு தெற்கே நீண்டு, மாநில எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் ஜவளகிரி வனச்சரகம் இருக்கிறது. வருஷா வருஷம் யானைக் கூட்டம் இந்த வழியாகத்தான் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இறங்கும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் இந்தப் பகுதியில்தான். அதாவது ஜவளகிரி, தளி பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனைக்கும், காட்டில் இருக்கும் அதன் பெரிய சொந்தக்காரர்களுக்கும் நடுவே இருப்பது சில வயல்வெளிகள் மட்டும்தான். தமிழில் பூனை, தெலுங்கில் பில்லி, கன்னடத்தில் பெக்கு என்று ஒரே தெருவில் மூன்று பெயரில் கூப்பிடுகிற ஊர்கள் இவை. வைரஸுக்கு மொழியும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது.

ஓசூர் சிப்காட், சூளகிரி, உத்தனப்பள்ளி என்று வேலைக்காக வந்து வாடகை வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இப்போது பூனை வளர்க்கிறார்கள். ஷிஃப்ட் வேலைக்கு நாயைவிடப் பூனை தோது. வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தால் அதுவும் கூடவே தூங்கும். ஆனால், "பூனைதானே, அதுவே பார்த்துக்கும்" என்கிற நினைப்புதான் பல பூனைகளின் ஆயுசைப் பாதியாக்குகிறது.

பூனை எத்தனை வருஷம் வாழும்?

அமெரிக்காவின் டெக்சாஸில் 'க்ரீம் பஃப்' என்ற பூனை 38 வருஷம் 3 நாள் வாழ்ந்தது. 1967-ல் பிறந்து 2005-ல் இறந்தது, கின்னஸ் சாதனை. அது விதிவிலக்கு, விட்டுவிடுவோம். பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே ஒரு வளர்ப்புப் பூனை பிறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய சராசரி ஆயுள் 11.74 வருஷம். பர்மீஸ், பிர்மன் வகைகள் 14 வருஷத்தைத் தாண்டுகின்றன. உடம்பில் முடியே இல்லாத ஸ்ஃபிங்ஸ் வகைக்கு 7 வருஷம்கூட இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஃபேன்சி பூனை வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நம் ஊர் நாட்டுப் பூனை ஒன்றும் சளைத்ததில்லை.

மனித வயசோடு ஒப்பிட ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. பூனையின் முதல் வருஷம் நமக்கு 15. இரண்டாம் வருஷ முடிவில் 24. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கும் 4. அப்படிப் பார்த்தால் 10 வயசுப் பூனை என்பது 56 வயசு ஆள். 15 வயசுப் பூனை 76 வயசுத் தாத்தா.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 12, 15 வருஷம் வாழ்வது சாதாரணம். தெருவும் வீடுமாக அலையும் பூனையின் கதை வேறு. அதன் ஆபத்து முழுக்க முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் குவிந்து கிடக்கிறது. அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தடுப்பூசி போட்டும் குட்டிகள் ஏன் இறந்தன?

பன்னார்கட்டா விஷயத்தில் பலரையும் உறுத்தியது இதுதான். இறந்த குட்டிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது என்று பூங்கா நிர்வாகமே சொன்னது. "அப்புறம் எதுக்கு ஊசி?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் குட்டிகள் விஷயத்தில் சரியாக என்ன நடந்தது என்ற விசாரணைக்குள் நாம் போகவில்லை. ஆனால் வீட்டுப் பூனை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாடம் இதில் இருக்கிறது.

குட்டி பிறந்ததும் தாயின் சீம்பால் வழியாக எதிர்ப்பு சக்தி கிடைக்கும். அது குட்டியைக் கொஞ்ச நாள் காப்பாற்றும். ஆனால் அதே சக்தி, நாம் போடும் தடுப்பூசியையும் எதிரி என்று நினைத்து அடித்துப் போட்டுவிடும். தாய் கொடுத்த பாதுகாப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். சில குட்டிக்கு 8 வாரத்தில், சிலதுக்கு 14, 15 வாரத்தில். அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல், 6 முதல் 8 வார வயசில் ஆரம்பித்து, 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொல்கிறார்கள். கடைசி டோஸ் 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும் என்பது உலகக் கால்நடை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல். 2024-ல் வந்த புதிய பதிப்பு, 6 மாத வயசில் இன்னொரு டோஸும் போடச் சொல்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் ஊசி போட்டு, கார்டு வாங்கி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். இரண்டாவது டோஸுக்கு லீவு கிடைக்காது. மூன்றாவது மறந்தே போகும். அந்த 16-வது வாரத்து ஊசிதான் உண்மையில் முக்கியமான ஊசி என்பது பலருக்குத் தெரியாது. போனில் ரிமைண்டர் வைக்க வேண்டிய தேதி அதுதான்.

இந்த வைரஸ் உடம்புக்குள் போனால் முதலில் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் காலி பண்ணும், குடலைப் புண்ணாக்கும். வாந்தி, கழிச்சல், காய்ச்சல். தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. ஊசி போடாத குட்டிகள் பிழைப்பது அபூர்வம். இன்னொரு சிக்கல், இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரலாம். அதனால் "எங்க பூனை வெளியவே போகாது, ஊசி எதுக்கு?" என்ற வாதம் எடுபடாது. ஒரு குட்டி இந்த நோயில் இறந்த வீட்டில், பிளீச்சிங் கரைசலால் தரை, தட்டு எல்லாம் நன்றாகக் கழுவாமல் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தால் அதுவும் போய்விடும்.

பான்லுகோபீனியாவோடு, சளி உண்டாக்கும் இரண்டு வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக வருவதைத்தான் கிளினிக்குகளில் 'ட்ரைகேட்' என்கிறார்கள். இது பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டியது. விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் நோய் வந்தபின் நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வெறிநோய் ஊசி தனி. அது 12 வார வயசுக்கு மேல். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டியும், செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டியும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். நாய்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் பூனையைக் கொண்டுபோவதில்லை.

திறந்த கதவு

ஜவளகிரி மாதிரி ஊரில் பூனையை முழுக்க வீட்டுக்குள் அடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டகை, தானிய மூட்டை, எலி. பூனை இருப்பதே எலிக்காகத்தான். அது வெளியே போகத்தான் செய்யும். ஆனால் ராத்திரி விஷயம் வேறு. காட்டோர ஊர்களில் சிறுத்தை நடமாட்டம் புதுசில்லை. நாயையே தூக்கிக்கொண்டு போகிற மிருகத்துக்குப் பூனை ஒரு வாய்க்குப் போதாது. ஓசூர் நகருக்குள் சிறுத்தைக்குப் பதில் லாரி, தெருநாய்க் கூட்டம். இருட்டியதும் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்து, உள்ளே வந்ததும் கதவைச் சாத்துவது பெரிய வேலை இல்லை. நாலு நாள் பழக்கினால் ஐந்தாம் நாள் தானாகவே அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். பூனை கடிகாரம் பார்க்கத் தெரிந்த பிராணி!

கருத்தடைதான் இதில் பெரிய திருப்புமுனை. ஆண் பூனை ஏன் மாதக்கணக்கில் காணாமல் போகிறது, ஏன் காதைக் கிழித்துக்கொண்டு வருகிறது? துணை தேடித்தான். அந்தச் சண்டையில் படும் கடி வழியாகத்தான் 'கேட் எய்ட்ஸ்' என்று சொல்லப்படும் எஃப்ஐவி பரவுகிறது (மனிதருக்குப் பரவாது, பயம் வேண்டாம்). பெண் பூனைக்கு லாபம் இன்னும் தெளிவு: 6 மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மார்பகக் கட்டி வரும் ஆபத்து சுமார் 91% குறைகிறது என்று 2005-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்" என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த ஒரு ஈற்றில் பிறக்கும் நாலு குட்டியும் எங்கே போகும் என்பதுதான் யாரும் பதில் சொல்லாத கேள்வி. ஊசி போடாத அந்தக் குட்டிகளில்தான் பான்லுகோபீனியா அடுத்த சுற்று ஆடும்.

இதில் காட்டுக்கும் பங்கு உண்டு. தென்னிந்தியக் காடுகளில் காட்டுப்பூனையும், உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்றான துரும்பன் பூனையும் வாழ்கின்றன. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ். காட்டை ஒட்டி வாழ்பவர்களின் நாய், பூனைக்குப் போடும் ஊசி, காட்டுக்குள்ளும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு வரி: பால்கனிக்குப் புறா வலை போட்டுவிடுங்கள். பூனை பெரும்பாலும் நாலு காலில் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் இறங்கிய பிறகு தாடையும் நெஞ்சும் உடைந்திருக்கலாம்.

தயிர் சாதம் போட்டு வளர்த்த பூனை

நம் வீடுகளில் பூனைச் சாப்பாடு என்றால் பால்சோறு. அசைவ வீடானால் மீன் தலை, கருவாடு. சைவ வீடானால் தயிர் சாதம். பூனை அதையும் தின்கிறது, அதனால் போதும் என்று நினைக்கிறோம்.

பூனை முழு மாமிச உண்ணி. நாய் மாதிரி சோற்றில் சமாளிக்கிற உடம்பு இல்லை. 'டாரின்' என்ற சத்தைப் பூனையின் உடம்பால் தேவையான அளவு தயாரிக்க முடியாது, இறைச்சியில் இருந்துதான் வர வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் டப்பா உணவு தின்ற பூனைகளே இதயம் வீங்கி இறந்துகொண்டிருந்தன. 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பியான் குழு, காரணம் டாரின் பற்றாக்குறை என்று கண்டுபிடித்தது. உணவில் டாரின் சேர்த்ததும் பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பூனை உணவில் டாரின் கூட்டப்பட்டது. இது குறைந்தால் கண்பார்வையும் போகும். தயிர் சாதத்தில் டாரின் கிடையாது. நாய்க்கு வாங்கிய பெல்லட்டை பூனைக்கும் போடுவது இதே காரணத்துக்காகத் தப்பு.

பால்? குட்டிப் பருவம் தாண்டிய பெரும்பாலான பூனைகளுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் ஆகும். நம் சினிமாவும் கதைகளும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் இது. குழம்பில் வெந்த மீன் துண்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வீட்டிலேயே கொடுக்க நினைத்தால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல் கொஞ்சம், முட்டை, கூடவே டாரின் உள்ள பூனை உணவு என்று கலந்து கொடுக்கலாம். வெறும் கோழிக்கறி மட்டுமே தினமும் என்றாலும் கால்சியம் போதாமல் போகும்.

கோழி என்றதும் சமீபத்திய ஒரு செய்தி. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிலும் இதே எச்5என்1 கண்டறியப்பட்டது. பூனைக் குடும்பத்துக்கு இந்த வைரஸ் கொடியது. கறிக்கடையில் சும்மா கொடுக்கும் கோழிக் கழிவை அப்படியே பச்சையாகப் போடும் பழக்கம் ஓசூர் பக்கம் சகஜம். பயந்து கோழியையே நிறுத்த வேண்டாம். வேகவைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான். முழுதாக வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது.

ஒரு மாத்திரை, ஒரு ஸ்பிரே

இந்தப் பகுதியை மட்டுமாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று நினைத்து மனிதர்கள் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் செத்துப்போகும். அரை மாத்திரைகூட ஆபத்து. நம் கல்லீரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும்.

அடுத்தது உண்ணி மருந்து. மாடு வளர்க்கும் ஊர்களில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளைத் தண்ணீரில் கலந்து மாட்டின் மேல் அடிப்பார்கள். மிச்சம் இருப்பதைப் பூனைக்கும் தேய்த்துவிட்டால் உண்ணி போகும் என்று தோன்றும். நாய்க் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் இதே குடும்பம். பூனைக்கு நடுக்கம், வலிப்பு, பிறகு மரணம். பூனைக்கென்று எழுதியிருக்கும் மருந்தைத் தவிர வேறு எதையும் அதன் மேல் போடக் கூடாது.

எலி மருந்து வைத்த வயலில் செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். ஓசூர் பக்கம் பூ வேலை செய்பவர்கள், பொக்கே பரிசாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது லில்லி. உண்மையான லில்லி இனப் பூவின் இதழோ, மகரந்தமோ, அந்தப் பூ இருந்த ஜாடித் தண்ணீரோ சிறிது உள்ளே போனால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். நம் மாநில மலரான செங்காந்தளும் விஷச்செடிதான். ரோஜாவால் பிரச்சினை இல்லை.

தண்ணீர் குடிக்காத பிராணி

பாலைவனக் காட்டுப்பூனையின் வாரிசு நம் வீட்டுப் பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்தை வைத்தே வாழப் பழகியது, அதனால் தாகம் குறைவு. ஈரமான இறைச்சி உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கடையில் வாங்கும் உலர்ந்த பெல்லட்டில் சுமார் 10% மட்டுமே. வெறும் பெல்லட்டிலேயே வளரும் பூனை, அந்தக் குறையைத் தண்ணீர் குடித்து முழுசாக ஈடு செய்வதில்லை. வயசான பூனைகளில் மிக அதிகமாகக் காணப்படும் வியாதிகளில் ஒன்று நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு.

ஜப்பானில் தோரு மியாசாகி என்ற ஆராய்ச்சியாளர், பூனைகளின் ரத்தத்தில் இருக்கும் ஏஐஎம் என்ற புரதம் சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்று கண்டறிந்து, அதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கொரோனா காலத்தில் நிதி நின்றுபோனது. 2021-ல் அந்தச் செய்தி வெளியானதும், பூனை வளர்க்கும் சாதாரண மக்கள் அனுப்பிய நன்கொடை சுமார் 30 கோடி யென்னைத் தொட்டது. மருந்து வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பது தண்ணீர்தான். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணத்தில் வையுங்கள். பெல்லட்டில் வெந்நீர் விட்டு ஊறவைத்து ஆறியபின் கொடுக்கலாம். கோழி வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் கொடுத்தால் பல பூனைகள் ஒரே மூச்சில் குடிக்கும்.

ஆண் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டுகூட வராமல் கத்தினால் அது மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். "நாளைக்கு லீவு, அப்போ காட்டிக்கலாம்" என்பதற்கு இதில் இடமே இல்லை.

வலியை மறைக்கும் கள்ளன்

பூனை வலியைக் காட்டாது. காட்டினால் காட்டில் இரையாகிவிடும் என்ற பழைய புத்தி. அதனால் ஏழு வயசுக்கு மேல் நாம்தான் துப்பறிய வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்ப்பது எளிய வழி. பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். 4 கிலோ பூனையில் 400 கிராம் குறைவது, 70 கிலோ ஆள் 7 கிலோ இளைப்பதற்குச் சமம். வழக்கமாக ஏறும் அலமாரியில் ஏறாமல் இருப்பது, முடியை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, வாய் நாற்றம், திடீரென்று தண்ணீர் அதிகம் குடிப்பது எல்லாம் சேதிகள். தூங்கும்போது நிமிஷத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால் இதயமோ நுரையீரலோ பிரச்சினையில் இருக்கலாம். ஒரு முழு நாள் சாப்பிடாத பூனையை, குறிப்பாகக் குண்டுப் பூனையைச் சும்மா விடக்கூடாது. பட்டினியில் அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி வியாதியாகிவிடும்.

நல்ல சேதியும் இருக்கு. எஃப்ஐபி என்ற கொரோனா வைரஸ் வகை நோய் வந்தால் பூனை பிழைக்காது என்றுதான் பல காலம் சொல்லிவந்தார்கள். 2019-ல் கலிபோர்னியாவின் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 பூனைகள் நீண்டகாலம் பிழைத்தன. 2023-ல் சைப்ரஸ் தீவில் இந்த நோய் பெரிதாகப் பரவியபோது, மனிதருக்கு வைத்திருந்த கோவிட் மாத்திரைக் கையிருப்பையே பூனைகளுக்குக் கொடுக்க அந்நாட்டு அரசு அனுமதித்தது.

டாக்டர் எங்கே?

இந்தப் பகுதியின் கால்நடை மருத்துவ அமைப்பு மாட்டைச் சுற்றிக் கட்டப்பட்டது. ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது. கோழி வளர்ப்புக்கென்று ஒரு கல்லூரியே ஓசூரில் இருக்கிறது. கிராமத்து அரசு மருந்தகமும், 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் நடமாடும் வண்டியும் பெரும்பாலும் மாடு, ஆட்டுக்குத்தான் ஓடுகின்றன. அது தப்பில்லை, இங்கே பிழைப்பே அதில் இருக்கிறது. ஆனால் பூனைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அடைப்பு எடுக்கும் சிகிச்சை என்றால் ஓசூர் தனியார் கிளினிக்கோ, பெங்களூருவோதான் போயாக வேண்டும். பெங்களூரு ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஜவளகிரியில் இருந்து டிராஃபிக்கையும் சேர்த்தால் அது பாதி நாள் பயணம். வரும்முன் காப்பதற்கு இங்கே மதிப்பு கூடுவது இந்தத் தூரத்தால்தான்.

கடைசியாக, மருத்துவமே இல்லாத ஒரு மரண காரணம். ஒப்பந்தம் முடியும், வேலை மாறும், வீட்டைக் காலி செய்வார்கள். பூனை தெருவில் நிற்கும். வீட்டில் யாராவது கர்ப்பம் என்றாலும் முதலில் வெளியே போவது பூனைதான். டாக்ஸோபிளாஸ்மா பயம் நியாயமானது, ஆனால் தீர்வு சுலபம்: மண் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். அந்தக் கிருமி மலத்தில் வெளியேறி, தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். சரியாக வேகாத கறி, கழுவாத காய் வழியாகவும் அது வரும். வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்கக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஒரு பாக்கெட் பூனை உணவுகூட அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

இதைப் படித்து முடித்ததும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூனை தூக்கிப் போகும் கூடையை லாஃப்ட்டில் இருந்து இறக்கி, ஒரு பழைய துணியைப் போட்டு, கதவைத் திறந்தபடி ஹாலிலேயே வைத்துவிடுங்கள். நாலைந்து நாளில் பூனை தானாகவே அதில் ஏறித் தூங்க ஆரம்பிக்கும். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தாலும், கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.